சீம்பால் சொம்பு

எங்கள் தெருவில் ஒரு மாடு கன்று போட்டுவிட்டது என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் சொம்பைத் துலக்கத் தொடங்கிவிடுவார்கள். சீம்பாலை விற்கக் கூடாது, கொடுக்க வேண்டும். அதுவும் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். எந்த ஆபீசிலும் எழுதி வைக்காத சட்டம் என்பதால் யாரும் அதை மீறுவதில்லை. முதல் சொம்பு அம்மன் கோயிலுக்கு, அடுத்தது பங்காளி வீட்டுக்கு, அதன் பிறகு தெருவுக்கு. கன்றுக்கு? அதற்கும் உண்டு, மிச்சம் இருந்தால்.

நான் செங்கல்பட்டு டவுனில் பாக்கெட் பால் குடித்து வளர்ந்தவள். கல்யாணமாகி, சதுரங்கப்பட்டினம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊருக்கு வந்தபோது மாட்டின் எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. மாமியார் இல்லாத வீடு. அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொள்ள ஓரகத்தி இருந்தாள், என் கணவரின் அண்ணன் மனைவி. சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் கொட்டகை, அந்தப் பக்கம் அவள் கொட்டகை. அவளை அக்கா என்று கூப்பிடுவேன். இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

எங்களிடம் இருந்த மாடுகளில் ஒரு செவலை எனக்குச் செல்லம். கலப்பின மாடு, கறவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் கன்று தங்கவில்லை. ஒருமுறை பாதிச் சினையில் குறைக் கன்றாக வீசிவிட்டது. அடுத்த முறையும் வீசியது. விற்றுவிடலாம் என்று என் கணவர் தரகரைக் கூட்டி வந்தார். நான் தரகருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாவது முறை சினை நின்றது. பத்து மாசமும் அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே வளைய வந்தேன். என் வயிற்றைக்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. நல்லபடியாக ஒரு கிடேரிக் கன்று விழுந்தது. நெற்றியில் வெள்ளை, உடம்பெல்லாம் தாயின் நிறம். அந்தக் கன்று எனக்கு வேண்டும், இந்த வீட்டில் எனக்கென்று ஒன்று இருந்தால் அது இதுவாக இருக்கட்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

கன்று காலையிலேயே தள்ளாடி எழுந்து மடியைத் தேடிப் போய்விட்டது. நஞ்சுக்கொடி மட்டும் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஓடி வந்து, அது வாய் வைப்பதற்குள் கன்றை இழுத்து, வாய்க்கூடு மாட்டிக் கம்பத்தில் கட்டினாள்.

"கொடி விழாம கன்னு வாய வெச்சா கொடி மேல ஏறிக்கும். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"பசிக்குது போலக்கா. கத்துது பாரு."

"ஒரு நாள் பட்டினி கெடந்தா செத்துடாது. நாங்கள்லாம் இப்டித்தான் வளத்துகினு கீறோம். வெல்லத்தண்ணி குடு, போதும்."

வெல்லத்தண்ணி கொடுத்தேன். கன்று அதைக் குடித்துவிட்டு மறுபடி கத்தியது. அன்று பூராவும் கொடி விழவில்லை. மறுநாள் எங்கள் பாலை வாங்கும் பால் கம்பெனியின் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டோம். அவர் பைக்கில் வந்து, தோள் வரைக்கும் உறை போட்டுக் கையை விட்டுக் கொடியை எடுத்தார். அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்ட என் கணவர் எடுத்துப் போனார். அக்கா மடியைக் கழுவிக் கறக்க உட்கார்ந்தாள். மஞ்சளாகக் கெட்டியாக வந்தது பால். வாசலில் சொம்புகள் வந்து நின்றன. கை கழுவிக்கொண்டு வந்த டாக்டருக்கு வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி ஒரு கிண்ணம் கொடுத்தோம். சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கும் டிபன் பாக்ஸில் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் கன்றை அவிழ்த்து விட்டபோது அது காலி மடியை முட்டி முட்டிச் சப்பியது. அக்கா அதன் முதுகைத் தட்டிக்கொடுத்து, "பொழச்சிக்கும்" என்றாள்.

பிழைத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வந்த பாலைக் குடித்தது, துள்ளியது, என் புடவை முந்தானையை மென்றது. மற்ற மாடுகள் ஏரிப் பக்கம் மேய்ச்சலுக்குப் போகும். இதை மட்டும் நான் அனுப்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் கட்டி, புல்லைக் கையால் ஊட்டினேன். தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் தெருவில் இன்னும் சில மாடுகள் கன்று வீசின. சினை ஊசி போட்ட மாடுகள் சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தன. பால் கம்பெனி டாக்டரை அனுப்பியது. அவர் பால் எடுக்கும் இடத்தில் எங்கள் தெருக் கேனிலிருந்து கொஞ்சம் பாலைச் சின்னக் குப்பியில் பிடித்துக்கொண்டு போனார். பிறகு வந்து, எல்லார் மாட்டு ரத்தமும் வேண்டும் என்றார்.

"பால்ல ஆன்டிபாடி கீதுங்கறீங்க. அப்டின்னா இன்னா சார்?" என்று என் கணவர் கேட்டார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒரு வைரஸ் உடம்புக்குள் வந்தால் அதை எதிர்த்து உடம்பு ஒன்றைச் செய்துகொள்ளும். வைரஸ் போன பிறகும் அது ரத்தத்திலும் பாலிலும் இருக்கும். அதைப் பார்த்து, இந்த மாட்டுக்கு அந்த நோய் வந்து போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கன்று வீசுவதற்குக் காரணமான ஒரு வைரஸ் எங்கள் தெருவுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எந்த மாடு பரப்புகிறது என்று கண்டுபிடித்தால் மற்ற மாடுகள் தப்பிக்கும். குடிக்கிற மனிதர்களுக்கு இதனால் ஒன்றும் வராது. இதையும் சொன்னார், ஆனால் கடைசியில் சொன்னார். அதற்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

ரத்தம் எடுத்த நாளில் தெருவே ரகளையாக இருந்தது. ரத்தம் எடுத்தால் பால் வற்றிவிடும், சினை நிற்காது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. அவளிடம் ஒரு கிடேரி இருந்தது, பளபளவென்று அழகான கிடேரி. விடிந்ததும் அதை ஏரிப் பக்கம் ஓட்டி விட்டுவிட்டு வந்துவிட்டாள். டாக்டர் கேட்டபோது, வீட்டில் கட்டியிருந்த கறவை மாடுகளைக் காட்டி, "இவ்ளோதான் சார்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பங்காளி வீட்டை எதற்குக் காட்டிக்கொடுப்பது என்று பேசாமல் இருந்தேன். என் கன்றை நானே பிடித்துக்கொண்டு, அதன் கழுத்து ரத்தத்தைக் கொடுத்தேன். நாங்கள் ஒழுங்காக நடந்துகொண்டோம். ஒழுங்காக நடந்துகொண்டவர்களுக்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்தது.

ரிசல்ட்டோடு டாக்டர் வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் தெரு கூடிவிட்டது. ரத்தம் எடுத்த எல்லா மாட்டுக்கும் ஆன்டிபாடி இருக்கிறது, கன்றுகளுக்கும் இருக்கிறது, என் கன்றுக்கு மட்டும் இல்லை என்றார். நான் சந்தோஷப்பட்டேன். தெருவுக்கே வந்த நோய் என் கன்றுக்கு வரவில்லை, முருங்கை மரத்தடியில் கட்டி வளர்த்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன். சிரித்துவிட்டேன் என்றுகூட ஞாபகம்.

"அதான்மா பிரச்சினை" என்றார் டாக்டர்.

தாய் வயிற்றில் சின்னதாக இருக்கும்போதே வைரஸ் புகுந்துவிட்டால், கன்று அதைத் தன் உடம்பு என்றே நினைத்துக்கொள்ளுமாம். வீட்டு ஆளைப் பார்த்து நாய் குரைக்குமா? அது போல அந்த உடம்பு எதிர்க்காது, ஆன்டிபாடியும் செய்யாது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாகிற வரைக்கும் மூச்சிலும் எச்சிலிலும் சாணியிலும் வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் இருந்து ஒன்றுக்கு மட்டும் இல்லையென்றால் அந்த ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

"சந்தேகம்தான். இன்னொரு டெஸ்ட் இருக்கு. வைரஸையே தேடிப் பாக்கறது. அது வர்ற வரைக்கும் கன்னைத் தனியா கட்டுங்க. விக்காதீங்க" என்று சொல்லி, மறுபடியும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

சந்தேகம் என்ற சொல் அவர் பைக்கிலேயே ஏறிப் போய்விட்டது. தெருவில் மிச்சம் நின்றது கன்று மட்டும்தான். அன்று சாயங்காலத்துக்குள் அது வைரஸ் கன்று ஆகிவிட்டது. கன்று வீசிய வீட்டுக்காரிகள் எங்கள் வாசலைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என் சீம்பாலை வாங்கிப் போன அதே கைகள்.

என் கணவர் கம்பெனிக்கு ஊற்றியது போக மீதிப் பாலை அணுபுரம் குவார்ட்டர்ஸில் வீடு வீடாக ஊற்றி வந்தார். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கிற படித்த குடும்பங்கள். இரண்டே நாளில் பேச்சு அங்கேயும் போய்ச் சேர்ந்தது. கதவைத் திறக்காமலேயே உள்ளிருந்து, "இனிமே வேணாங்க" என்றார்களாம். மனிதர்களுக்கு வராது என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். பக்கத்திலேயே அணு உலையை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் என் கன்றைக் கண்டு பயந்தார்கள். கேனில் பால் அப்படியே திரும்பி வந்தது. எங்கள் பால் மட்டும் இல்லை, அங்கே ஊற்றுகிற தெருக்காரர்கள் எல்லாருடைய பாலும்.

அக்கா தெருவைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"உன் ஒரு கன்னுக்காக ஊரே பேஜாருல கீது. அத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற?"

"இன்னொரு டெஸ்ட் கீதுன்னு டாக்டரே சொன்னாரேக்கா. அது வரட்டும்."

"அது வர்றதுக்குள்ள எங்க மாடுங்க எத்தினி வீசும்? நீ வந்து கன்னு குடுப்பியா?" என்று கேட்டுவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுப்பா. உன் வூட்ல யாரு ஆம்பள?"

இதற்கு மேல் ஒரு ஆணுக்கு வேறு காரணம் வேண்டாம். மறுநாள் காலையில் குட்டி யானை வண்டி வந்து வாசலில் நின்றது. நான் டீ கொடுத்து அனுப்பின அதே தரகர்.

நான் முருங்கை மரத்தடியில் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "ரிசல்ட் வரட்டும்யா" என்றேன். "நவுரு" என்றார் என் கணவர். என்னைப் பார்க்காமல் சொன்னார். அக்கா பின்னாலிருந்து வந்து, சாவு வீட்டில் பிடித்துக்கொள்வது போல என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் கொஞ்சம் அன்புகூட இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கன்று முரண்டு பிடிக்கவில்லை. கையால் ஊட்டி வளர்த்த கன்றுக்கு எந்தக் கையும் நல்ல கைதான். தரகர் நீட்டிய விரலைச் சப்பிக்கொண்டே அவர் பின்னால் நடந்து போனது. "பசி போல கீது" என்று சிரித்தார் அவர். வண்டியில் ஏற்றிக் காலைக் கட்டிப் படுக்க வைத்தபோதுதான் ஒரு முறை கத்தியது. கொட்டகைக்குள்ளிருந்து செவலை பதில் கொடுத்தது. எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. பெரிதாக வளராத கன்றைத் தரகர் எங்கே கொண்டுபோவார் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

செவலை பாலை அடக்கிக்கொண்டது. நான் கை வைத்தால்கூட இறக்கவில்லை. ஊசி போட்டுக் கறந்தார் என் கணவர். அது வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டே கறவைக்கு நின்றது. அந்தப் பாலில் போட்ட டீயை வீட்டில் எல்லாரும் குடித்தோம்.

பிறகு ஒரு நாள் டாக்டர் பைக்கில் வந்தார். தூரத்திலேயே முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல சேதிம்மா. வைரஸ் இல்ல. கன்னு சுத்தமா இருக்கு."

"கன்னு இல்ல சார்" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விற்காதீர்கள் என்று சொன்னேனே என்றார். சொன்னீர்கள் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் கையிலிருந்த பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், இழவு விழுந்த இடத்திலும் கணக்கு சரியாக வர வேண்டும்.

"அப்ப ஏன் ஆன்டிபாடி இல்ல? தாய்க்கு நிறைய இருக்கு. கன்னுக்கு வைரஸ் இருந்தாலும் இல்லாட்டியும், சீம்பால் குடிச்சிருந்தா தாயோட ஆன்டிபாடி அதுக்கு இந்த வயசுல இருக்கணும். இத நான் முதல்லயே கேட்டிருக்கணும். கன்னு சீம்பால் குடிச்சுதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கோபமும் எல்லாம் சேர்ந்து அப்படி வந்தது.

"கொடியை எடுத்தது நீங்கதானே சார். மறுநாள் எடுத்தீங்க. அதுவரைக்கும் கன்னு வாயில கூடு."

"பிறந்த சில மணி நேரத்துக்குள்ள குடிக்கணும்மா. அப்புறம் குடிச்சா அது ரத்தத்துல சேராது."

"அப்புறமும் குடிக்கல சார். உங்க டிபன் பாக்ஸ்லதானே போச்சு."

டாக்டர் பேப்பரை நாலாக மடித்தார். அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. என் கன்றின் ரத்தத்தில் அவர் தேடியதை, தெரு மொத்தமும் வெல்லமும் ஏலக்காயும் போட்டுத் தின்று முடித்திருந்தது. அவரும் தின்றிருந்தார். ருசியாக இருக்கிறது என்று சொன்னதும் எனக்கு நினைவிருந்தது. அதையும் சொல்லிக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்தார்.

வைரஸைக் கொட்டியது எது என்ற கேள்வி அப்படியே நின்றது. டாக்டர் மறுபடி ஆட்களோடு வந்து, இந்த முறை முன்னறிவிப்பு இல்லாமல், கொட்டகை கொட்டகையாக நுழைந்து ரத்தம் எடுத்தார். அக்காவின் பளபளப்பான கிடேரி கட்டுத்தறியில் நின்றது. ஓட்டிக்கொண்டு போக அவகாசமில்லை. அதற்கு ஆன்டிபாடி இல்லை. இரண்டாவது டெஸ்ட்டில் வைரஸ் இருந்தது. என் செவலை ஏரியில் அதோடுதான் மேய்ந்தது.

இப்போது தெரு கூடும், மூக்கைப் பொத்தும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தெருவுக்குக் கோபமெல்லாம் என் கன்றோடு செலவாகிவிட்டது. அக்கா அந்தக் கிடேரியைக் கடற்கரைப் பக்கம் ஒரு குடும்பத்துக்குச் சத்தமில்லாமல் விற்றுவிட்டாள். வளர்ப்புக்கென்று வாங்கிப் போனார்கள். அவர்கள் கொட்டகையில் இப்போது என்ன நடக்கிறதோ, தெரியாது. சுவருக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்து, "போனது போவட்டும். செவல திரும்ப போடாமலா போயிடும்?" என்றாள். மன்னிப்பு என்று அவள் நினைத்துக்கொண்டது இதைத்தான்.

செவலை அதன் பிறகு சினை பிடிக்கவில்லை.

டாக்டர் பால் எடுக்கும் இடத்தில் ஒரு கூட்டம் போட்டார். சுவரில் படம் ஒட்டி, கொடி விழும் வரை காத்திருக்கக் கூடாது, கன்று எழுந்ததும் சீம்பால்தான், வயிறு முட்டக் கொடுத்த பிறகு மற்றவர்களுக்கு என்று சொன்னார். பேசும்போது என் பக்கம் பார்க்கவில்லை. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தார்கள்.

போன மாசம் அக்காவின் கறவை மாடு ஒன்று கிடேரிக் கன்று போட்டது. மறுநாள் மத்தியானம் அவள் பித்தளைச் சொம்போடு என் வாசலில் வந்து நின்றாள்.

"இந்தா, மொதல்ல உனக்குத்தான் எட்தாந்தேன். கோயிலுக்கு அப்பால போனாப் போவுது."

சொம்பு சூடாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கன்று கத்துகிற சத்தம் கேட்டது. பசிக் கத்தல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"கன்னு குடிச்சுதாக்கா?"

"இப்பத்தான் கொடி வுழுந்துச்சு. அப்பால அவுத்து வுடணும். தெருக்காரங்க வேற சொம்ப எடுத்துகினு வந்து நின்னுகினு கீறாங்க."

இன்னும் நாலு நாள் போனால் டாக்டர் வருவார், பிறகு ஒரு நாள் ரத்தம் எடுப்பார், இந்தக் கன்றின் ரத்தத்திலும் ஆன்டிபாடி இருக்காது. அது எனக்கும் தெரியும், என் கணவருக்கும் தெரியும். அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். சொல்லேன் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. நீயே சொல்லேன் என்று நானும் பார்த்தேன். அவர் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மடியில் இன்னும் இருந்தால் இன்னொரு சொம்பு வேண்டும், செங்கல்பட்டில் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று கேட்டேன். அக்காவுக்கு வாயெல்லாம் பல். ஓடிப் போய்க் கறந்து கொண்டுவந்தாள்.

வெல்லம் தட்டிப்போட்டு, ஏலக்காய் நசுக்கிப்போட்டு, பதமாகக் காய்ச்சினேன். கன்று இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு எதுவும் அனுப்பவில்லை. இரண்டு சொம்பையும் நான் ஒருத்தியே உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.